புது ரைஃபிள் பேரலைப் பழக்குவதும் துடைப்பதும்

புது ரைஃபிளோடு ரேஞ்சுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பிரேக்-இன் எத்தனை ரவுண்டு?" அதாவது, புதுப் பேரலைப் பழக்க எத்தனை தோட்டா சுட வேண்டும் என்று. எண்ணைச் சொல்லிவிடலாம், ஆனால் அந்த எண் பாதிப் பேருக்குப் பொருந்தாது. செம்பு உறை போட்ட குண்டு சுடும் சென்டர்ஃபயர் ரைஃபிளுக்கு (தோட்டா அடியின் நடுவில் ஊசி அடிக்கும் வகை) ஒரு கணக்கு, ஈயக் குண்டு சுடும் சிறிய .22 அங்குல ரைஃபிளுக்கு வேறு கணக்கு, ஏர் ரைஃபிளுக்கு அந்தக் கணக்கே கிடையாது. சென்னையில் விளையாட்டாகச் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது பின்னால் சொன்ன இரண்டும்தான். சென்டர்ஃபயர்காரர்கள் எழுதி வைத்த அட்டவணையை எடுத்து .22-இல் போட்டு, ஒரு ரவுண்டுக்கு ஒரு துடைப்பு என்று நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது வீண் வேலை.

பேரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது புரிந்துவிடும். நல்ல மேட்ச் (போட்டிக்கான) பேரலைத் துளையிட்டு, குண்டைச் சுழல வைக்கும் திருகுப் பள்ளங்களான புரி வெட்டி, கடைசியில் ஈயக்கட்டியில் தேய்ப்புப் பொடி தடவி உள்ளே ஏற்றி இறக்கி மெருகு போடுவார்கள். லேப்பிங் என்பது அதுதான். புரியின் போக்கிலேயே மெருகு ஏறுவதால் குண்டுக்கு வழி வழவழப்பாக இருக்கும். ஆனால் தோட்டா உட்காரும் அறையான சேம்பரை வெட்டுவது அதற்குப் பிறகு. ரீமர் என்ற வெட்டுக்கருவி சுழன்று வெட்டும்போது, சேம்பர் முடிந்து புரி தொடங்கும் த்ரோட்டில், குண்டு போகும் திசைக்குக் குறுக்காக மெல்லிய கோடுகள் விழும். சுடும்போது அந்தக் கோடுகள் குண்டின் உறையிலிருந்து செம்பைச் சுரண்டும். சுரண்டிய செம்பு அங்கேயே நிற்பதில்லை. பின்னால் வரும் கொதிவாயு அதை அடித்துக்கொண்டு போய் முன்னால் இருக்கும் புரிகளில் படிய வைக்கும். அடுத்த குண்டு அந்தப் படிவின் மேல் ஏறிப் போகும்.

ஆக, பழக்குவது என்றால் த்ரோட்டில் இருக்கும் அந்தக் குறுக்குக் கோடுகளைக் குண்டுகளே தேய்த்து மழுக்குவது. இடையிடையே துடைப்பது, படிந்த செம்பு அந்தக் கோடுகளை மூடிக்கொள்ளாமல், அடுத்த குண்டு எஃகின் மேலேயே உரசிப் போவதற்காக. .30 பேரலில் புரியின் ஆழம் சுமார் 0.1 மி.மீ. தான். குறுக்குவெட்டில் பார்த்தால் 7.62 மி.மீ. துளை, பள்ளத்தின் அடியில் 7.82. இந்த அளவில் செம்புப் படிவு கொஞ்சம் ஏறினாலும் குரூப், அதாவது குண்டுகள் விழும் கூட்டம், விரியும்.

இது தேவையா என்பதில் பேரல் செய்கிறவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அமெரிக்காவின் கிரீகர் கம்பெனி இந்த விளக்கத்தையும் சுட்டுத் துடைக்கும் வரிசையையும் வாங்குகிறவர்களுக்கே எழுதிக் கொடுக்கிறது. அதே நாட்டில் பேரல் செய்த கேல் மெக்மில்லன், இது பேரல் ஆயுளைத் தின்னும் வெட்டி வேலை என்று கடைசிவரை எதிர்த்தார். என் கணக்கில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. லேப்பிங் செய்த பேரலில் பழக்கினால் வரும் லாபம், குரூப் சுருங்குவதைவிட, பின்னால் துடைக்க ஆகும் நேரம் குறைவதுதான். மலிவான ஃபேக்டரி பேரலில் சொரசொரப்பு த்ரோட்டில் மட்டுமா, நீளம் முழுக்க இருக்கும். அதைப் பத்து ரவுண்டில் யாரும் சரி செய்ய முடியாது. உள்ளே குரோம் பூசிய பேரலாக இருந்தால் பேச்சே இல்லை. ஒருமுறை துடைத்துவிட்டுச் சுடலாம்.

ராடும் துணியும்

பேரலைக் கெடுப்பதில் துடைப்புக்கும் பெரிய பங்கு உண்டு, அதிலும் துணியைத் தள்ளும் கம்பியான ராடுக்கு. மூன்று துண்டாக மரை போட்டு இணைக்கும் அலுமினிய ராடுதான் கிட்டில் இலவசமாக வரும். அதைத் தூர வையுங்கள். இணைப்புகளில் விளிம்பு தட்டும். அலுமினியம் மெத்தென்று இருப்பதால் மணலும் கார்பன் துகளும் அதில் புதைந்து உப்புத்தாள் போல வேலை செய்யும். ஒரே துண்டாக வரும், நைலான் பூசிய எஃகு ராடோ கார்பன் ஃபைபர் ராடோ வாங்குங்கள். கைப்பிடியில் பேரிங் இருக்க வேண்டும். ராடு புரியோடு சேர்ந்து தானாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் துணி புரியின் குறுக்கே இழுபடும்.

வாங்கும்போது நுனி மரையைப் பாருங்கள். பிரஷ்ஷும், துணியைக் குத்தித் தள்ளும் முனையான ஜேகும் பெரும்பாலும் அமெரிக்க 8-32 அளவில் வரும். ட்யூவி கம்பெனி ராடுகளில் சிலது 8-36. ஒன்று மற்றதில் கொஞ்சம் ஏறி நிற்கும். அழுத்தித் திருகினால் பித்தளை மரை போய்விடும்.

போர் கைடு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். சேம்பரைப் பின்னால் மூடும் போல்ட்டைக் கழற்றிய இடத்தில் செருகும் குழாய் அது. ராடு நடுவில் போகும். அழுக்கைக் கரைக்கும் சால்வென்ட் ட்ரிகருக்குள்ளும், தோளில் வைக்கும் கட்டையான ஸ்டாக்குக்குள்ளும் வழியாது. ட்ரிகர் திடீரென்று பிசுபிசுத்து, அதை இழுக்கும் எடை மாறிப்போன ரைஃபிள்களில் பலவற்றுக்குக் காரணம் அங்கே இறங்கிக் காய்ந்த சால்வென்ட்தான்.

ஜேக் பித்தளையாக இருந்தால் செம்பு சால்வென்ட் அதையும் கரைக்கும். பேரலில் செம்பே இல்லாதபோதும் துணி நீலமாக வரும், நீங்கள் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள். நிக்கல் பூசியதோ பிளாஸ்டிக்கோ வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வெண்கல பிரஷ்ஷும் அதே ஏமாற்று வேலையைச் செய்யும். பிரஷ் போட்ட பிறகு வரும் முதல் நீலத்தை நம்பக் கூடாது.

துணிக்கு வெளிநாட்டு பேட்ச் பாக்கெட் கட்டாயமில்லை. ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம். இழுத்தால் நீளும், பஞ்சு உதிரும், ஜேகில் ஒரு பக்கமாக ஒதுங்கும். டெரிகாட்டன் உறிஞ்சாது. பருத்தி ஃபிளானல் நல்லது. பழைய பருத்தி வேட்டியும் ஆகும், கஞ்சி முழுவதும் போகும் வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகு. .22-க்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. சதுரம், .30-க்கு 4.5 செ.மீ. என்று வெட்டித் தொடங்குங்கள். பெருவிரலால் சீராகத் தள்ளும்போது போகிற இறுக்கம்தான் சரியான அளவு. உள்ளங்கையால் அடித்தால்தான் போகிறது என்றால் ஓரத்தை வெட்டுங்கள்.

ஒரு சுற்று எப்படிப் போகும்

சென்டர்ஃபயருக்கான வரிசை இது. டப்பாவிலிருந்து எடுத்ததும் சுடாதீர்கள். ஃபேக்டரியில் பூசிய துரு எண்ணெயும், சில நேரம் வேலைப்பாட்டில் விழுந்த எஃகுப் பொடியும் உள்ளே இருக்கும். ஒருமுறை முழுதாகத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் முதல் ரவுண்டு.

சேம்பரில் ரவுண்டு இல்லை என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பார்த்து, போல்ட்டைக் கழற்றி வையுங்கள். ரேஞ்சிலேயே செய்வதென்றால் ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிவிட்டு, சுடும் வரிசையிலிருந்து பின்னால் வந்து செய்ய வேண்டும். ரைஃபிளைத் தாங்கியில் வைக்கும்போது மசில் (பேரலின் வாய்) பக்கம் ஒரு விரற்கடை தாழ்வாக இருக்கட்டும். வழிவது முன்னால் வழியட்டும்.

கார்பன் சால்வென்ட்டில் நனைத்த துணி முதலில். சேம்பர் பக்கமிருந்து ஒரே தள்ளில் மசில் வரை. துணி வெளியே விழுந்ததும் ராடை நிறுத்தி, ஜேக் கிரவுனில் (மசிலின் விளிம்பில்) இடிக்காமல் மெல்லப் பின்னால் இழுங்கள். கறுப்பாக வரும். இன்னொரு நனைத்த துணி. பிறகு பிரஷ். பிரஷ்ஷை சால்வென்ட் பாட்டிலுக்குள் முக்காதீர்கள், அழுக்கு முழுவதும் பாட்டிலில் இறங்கிவிடும்; சொட்டு விட்டு நனையுங்கள். முழு நீளமும் போய் மசிலுக்கு வெளியே வந்த பிறகுதான் திருப்பி இழுக்க வேண்டும். பாதி வழியில் திருப்பினால் கம்பிகள் மடங்கிச் சிக்கும். பழக்கும் காலத்தில் ஐந்தாறு நடை போதும். மீண்டும் இரண்டு நனைத்த துணி, ஒரு காய்ந்த துணி.

அடுத்து செம்பு. செம்பு சால்வென்ட்டில் நனைத்த துணியை ஓட்டிவிட்டு, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் மட்டும் காத்திருங்கள். ஸ்வீட்ஸ் 7.62 மாதிரி அம்மோனியா கலந்தது என்றால் 15 நிமிடத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது. உலர விட்டால் எஃகில் அரிப்பு வரும். போர் டெக் எலிமினேட்டர் போன்ற அம்மோனியா இல்லாதவை இதில் பொறுமையானவை. மே மாதத்து வெயிலில் பேரல் சூடாக இருக்கும்போது ஊற்றினால் சால்வென்ட் வேலை செய்வதற்குள் ஆவியாகும், ஆகையால் ஆறவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். காத்திருந்து எடுத்த துணியைக் கவனமாகப் பாருங்கள்: கறுப்பு கார்பன், நீலமும் பச்சை கலந்த நீலமும் செம்பு. துணியின் விளிம்பில் கோடு கோடாக நீலம் தெரிந்தால் அது புரியில் ஒட்டியிருந்த படிவு. நீலம் போகும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஒரு வகை சால்வென்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுவில் இரண்டு காய்ந்த துணியாவது ஓட வேண்டும். இரண்டையும் பேரலுக்குள் கலக்கவே கூடாது.

முடிவில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி ஒன்று, காய்ந்தது இரண்டு. சேம்பரைத் தனித் துணியால் துடையுங்கள். சேம்பரில் எண்ணெயோ சால்வென்ட்டோ தங்கினால் சுடும்போது கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) சேம்பர் சுவரைப் பிடிக்காது, முழு அழுத்தமும் பின்னால் போல்ட்டின் மேல் விழும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு ரவுண்டு சுட்டு, இந்தச் சுற்று. அப்படி ஐந்து. பிறகு மூன்று ரவுண்டுக்கு ஒரு சுற்று, அதன் பின் ஐந்துக்கு ஒன்று. ஸ்டெயின்லெஸ் பேரலுக்கு இது போதும். ஸ்டெயின்லெஸ் அல்லாத குரோம்-மாலி எஃகு கொஞ்சம் கூடக் கேட்கும். ஆனால் ரவுண்டை எண்ணுவதைவிடத் துணியைப் பார்ப்பது மேல். முதல் இரண்டு சுற்றில் நீலம் போக நாலைந்து துணி ஆகும். ஏதோ ஒரு கட்டத்தில் சட்டென்று ஒன்றிரண்டாகக் குறையும். த்ரோட் வழிக்கு வந்துவிட்டது, அன்றோடு நிறுத்திவிடலாம். பத்து ரவுண்டுக்கு மேலும் நீலம் குறையவே இல்லை என்றால் பேரல் நீளம் முழுக்கச் சொரசொரப்பு. மேலும் மேலும் ஒற்றை ரவுண்டு சுட்டு லைசென்ஸில் வாங்கிய தோட்டாவைக் கரைப்பதில் பொருளில்லை. சாதாரணமாகச் சுட்டு, சாதாரணமாகத் துடைத்து வாருங்கள், ஓரிரு நூறில் தானே ஓரளவு படியும். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிளுக்கும் இதுவே என் யோசனை.

ஒரு சுற்றுக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். காலை 6 மணிக்கே ஆரம்பித்தால் வெயில் ஏறுமுன் ஐந்து ஒற்றை ரவுண்டையும் முடித்துவிடலாம்.

.22-இல் இதெல்லாம் ஏன் வேண்டாம்

.22 லாங் ரைஃபிள் குண்டில் செம்பு உறை கிடையாது. 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயம், மேலே மெழுகோ கிரீஸோ தடவியது. மேட்ச் தோட்டா வேகம் வினாடிக்கு 330 மீட்டர் பக்கம். சில மலிவுத் தோட்டாக்களில் மெல்லிய செம்புப் பூச்சு உண்டு, அதுவும் உறை அல்ல. செம்பு சால்வென்ட்டுக்கு இங்கே வேலையே இல்லை. புதுப் பேரலுக்கு வேண்டியது, ஃபேக்டரி எண்ணெயைக் காய்ந்த துணியில் எடுத்து, லேசான சால்வென்ட் துணி இரண்டு ஓட்டி, ஐந்து நிமிடம் விட்டு, சுத்தமாக வரும் வரை காய்ந்த துணி. பிறகு சுட வேண்டியதுதான்.

பேரல் முழுக்க மெழுகுப் படலம் சீராகப் பரவிய பிறகுதான் .22 நிதானத்துக்கு வரும். நன்றாகத் துடைத்த பேரல் குரூப்புக்குத் திரும்ப 10 முதல் 20 ரவுண்டு ஆகும், சில பேரலுக்கு இன்னும் கொஞ்சம். தோட்டாவின் பிராண்டு மாற்றினாலும் அதே கதை, ஏனென்றால் மெழுகு வேறு. லாட் டெஸ்ட் (எந்தத் தயாரிப்புத் தொகுதியின் தோட்டா தன் பேரலுக்கு ஒத்துவரும் என்ற சோதனை) செய்கிறவர்கள் புது டப்பாவின் முதல் ஐந்து ரவுண்டைப் பார்த்தே "இது சரியில்லை" என்று ஒதுக்குவது அவசரம். போட்டிக்கு முந்தின இரவு பளபளவென்று துடைத்துவிட்டு, மறுநாள் சைட்டர் (ஸ்கோரில் சேராத முன்சுடல்) நேரத்தில் குண்டு அலைகிறதே என்று சைட்டைத் திருகுவது அதைவிட அவசரம்.

.22-இல் உண்மையான எதிரி கார்பன் ரிங். சேம்பர் முடியும் இடத்தில், கேஸ் வாய்க்கு முன்னால், கண்ணாடி போல இறுகிய ஒரு வளையம். பேரலின் மற்ற பகுதியை ஒளி விட்டுப் பார்த்தால் கண்ணாடியாகத் தெரியும், இது மட்டும் தெரியாது. தோட்டா உட்காரும்போது லேசான தடை, காரணமில்லாமல் மேலே ஓடும் ஒன்றிரண்டு ஷாட், குண்டில் வட்டக் கீறல் என்று அடையாளம் காட்டும். சாதாரணத் துணி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கார்பன் சால்வென்ட்டை அந்த இடத்தில் மட்டும் பத்து நிமிடம் ஊறவிட்டு, வெண்கல பிரஷ்ஷை அங்கே மட்டும் மெதுவாகச் சுழற்றி எடுத்துத் துடையுங்கள். பேரலுக்குள் பார்க்கும் சின்னக் கேமராவான போர்ஸ்கோப், போனில் மாட்டுவது, இப்போது கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கிறது. டெஸ்லாங் மாதிரி ஒன்றை கிளப்பில் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி வைத்தால் ஊகிக்கும் வேலை போய்விடும். ஒரே எச்சரிக்கை: போர்ஸ்கோப்பில் எல்லாப் பேரலும் அசிங்கமாகத்தான் தெரியும். நன்றாகச் சுடும் பேரலைப் பார்த்துப் பயந்து தேய்ப்புப் பேஸ்ட்டை எடுக்காதீர்கள்.

ஏர் ரைஃபிளுக்குச் சுருக்கம். புதிது என்றால் ஃபெல்ட் துண்டு நாலைந்து தள்ளி ஃபேக்டரி எண்ணெயை எடுத்தால் போதும். அம்மோனியா சால்வென்ட்டும் பெட்ரோலிய எண்ணெயும் அங்கே கூடாது; ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) ஊதும், ஸ்பிரிங் துப்பாக்கியில் எண்ணெய் அழுத்தத்தில் பற்றி டீசல் மாதிரி வெடிக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் ஃபெல்ட்டை மட்டும் போட்டுச் சுடாதீர்கள். எடையே இல்லாததால் பிஸ்டன் தடையில்லாமல் போய் முன்னால் மோதும்.

கிரவுன்

மசிலின் கடைசி விளிம்புதான் கிரவுன். குண்டு பேரலைவிட்டுப் பிரியும்போது வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விடுபட வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை தேய்ந்தாலும் குண்டின் வால் அந்தப் பக்கம் தள்ளப்படும். மசிலிலிருந்து ராடு விட்டுத் துடைப்பவர்கள் இந்த விளிம்பைத்தான் தினமும் அரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போல்ட் கழலாத செமி-ஆட்டோ .22 என்றால் வேறு வழியில்லை, மசிலுக்கு ஒரு கைடு கட்டாயம். விளிம்பைச் சோதிக்கக் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே சுற்றி இழுத்துப் பாருங்கள். எங்கே நார் மாட்டுகிறதோ அங்கே பிசிறு.

துணி உள்ளே சிக்கிவிட்டால் ஒருபோதும் சுட்டு வெளியேற்ற முயலாதீர்கள். பேரல் வீங்கும், கிழியவும் செய்யும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, போன வழியே பின்னால் தள்ளுங்கள். பேரலுக்குள் இழுத்துத் துடைக்கும் கயிற்றையும் (போர் ஸ்னேக்) அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். துவைக்காத கயிறு அழுக்கையே திரும்ப இழுக்கும்; நடுவில் அறுந்தால் எடுப்பது பெரும்பாடு.

உப்புக் காற்று

திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ பால்கனி கிரில்லுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஸ்டெயின்லெஸ் என்று பெயர் இருப்பதால் நிம்மதியாக இருக்க வேண்டாம். மேட்ச் பேரலில் போடும் 416 ரகம், வெட்ட எளிதாக இருக்க கந்தகம் சேர்த்தது; சமையலறைப் பாத்திரத்தின் 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு வாரம் மறந்தாலே சேம்பரில் காபிப்பொடி தூவியது போலப் புள்ளி விழும்.

ஏசி காரிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ எடுத்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த எஃகில் ஈரக்காற்று பட்டால் உள்ளும் புறமும் வியர்க்கும். அரை மணி நேரம் மூடியே வைத்து, வெளிக் காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். வீட்டில் வைக்கும்போது ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியும் தோல் உறையும் ஆகாது, இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்பு அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல். பாரிமுனையில் கெமிக்கல் கடைகளில் நிறம் மாறும் வகையாகக் கேட்டு வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்துவது என்று தெரியும். நிமிர்த்தி வைப்பதென்றால் மசில் கீழே. எண்ணெய் ஸ்டாக்குக்குள் இறங்காது.

எண்ணெயைப் பற்றி: தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், காறிப்போய்ப் பிசினாகும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் வாரக்கணக்கில் காவல் நிற்காது. தையல் மெஷின் எண்ணெய் அடுத்த வாரம் சுடப்போகிற துப்பாக்கிக்கு ஓரளவு போதும். மாதக்கணக்குக்குத் துரு தடுப்பு எண்ணெயோ கிரீஸோதான். மசில் வாயில் துணி அடைக்கும் பழக்கத்தை விடுங்கள். துணி ஈரம் குடிக்கும், எடுக்க மறந்தால் பேரல் போகும்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு விலக்கு கிடைப்பதுண்டு, கிடைக்காதவர்கள் அதற்கு முந்தின நாளே முழுதாகத் துடைத்து, பேரலிலும் சேம்பரிலும் வெளியிலும் துரு தடுப்பு எண்ணெய் பூசிக் கொடுங்கள். எங்கே எப்படி அடுக்கி வைப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. "உள்ளே எண்ணெய், துடைக்காமல் சுடக் கூடாது" என்று ஒரு அட்டையில் எழுதி ட்ரிகர் கார்டில் கட்டுங்கள். சில வாரம் கழித்து வாங்கும்போது உங்களுக்கே நினைவிருக்காது. திரும்பி வந்ததும் போல்ட்டை எடுத்து, சேம்பர் பக்கம் டார்ச் பிடித்து முழு நீளமும் தெரிகிறதா பாருங்கள். எண்ணெயைச் சால்வென்ட் துணியில் எடுத்து, காய்ந்த துணி இரண்டு ஓட்டி, சேம்பரை உலர்த்துங்கள். துணியில் செந்நிறம் வந்தால் அன்றைக்குச் சுட வேண்டாம், போர்ஸ்கோப்பில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வராவிட்டால் சுடலாம். முதல் சில ரவுண்டை மட்டும் ஸ்கோரில் சேர்க்காதீர்கள்.